பனியாற்று ஏரிகள்: கேதாரம் செல்லும் மதுரைக்காரர்களின் கேள்விகளும் விடைகளும்

சித்திரைத் திருவிழா முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் மதுரையிலிருந்து கேதாரநாத், பத்ரிநாத் யாத்திரைக்குக் குழுக்கள் புறப்படத் தொடங்கும். பள்ளியில் நெடுங்காலம் புவியியல் கற்பித்தவன் என்பதால், புறப்படுவோரும் திரும்பி வந்தோரும், சில வேளைகளில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும், என்னிடம் கேள்விகளோடு வருவதுண்டு. 2013-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பிறகு அவற்றில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைகின்றன: மலைமேல் இருக்கும் ஏரி எப்படி உண்டாகிறது, அது ஏன் உடைகிறது? மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன்.

பனியாற்று ஏரி என்றால் என்ன?

பனியாறு அகழ்ந்த பள்ளத்திலோ, பனியாறு கொண்டுவந்து குவித்த கல்மண் மேட்டுக்குப் பின்னாலோ, பனியாற்றின் முதுகின் மேலேயோ தேங்கி நிற்கும் நீர்நிலையே பனியாற்று ஏரி. பனியாறு என்றதும் உறைந்துபோன நதி ஒன்றைப் பலரும் மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அது அப்படியன்று. ஆண்டுதோறும் பெய்யும் பனி முழுவதும் உருகித் தீராமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து, தன் எடையாலேயே இறுகிக் கட்டியாகி, சரிவில் மெல்ல நகரும் பெருந்திரள் அது. அதன் நகர்வு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் போகும் வழியில் உள்ள பாறையைப் பெயர்த்தும் உரசியும் அரைத்தும் செல்லும் வலிமை அதற்கு உண்டு.

எத்தனை வகை ஏரிகள் உள்ளன?

பள்ளிப் பாடத்தில் சர்க்கு என்று படித்திருப்பீர்கள். மலை உச்சியை ஒட்டிப் பனியாறு பிறக்கும் இடத்தில், சாய்வு நாற்காலியின் இருக்கை போலக் குடையப்படும் பள்ளம் அது. பனி விலகியபின் அதில் நீர் நின்றால் அதற்கு டார்ன் ஏரி என்று பெயர். இதன் கரை பெரும்பாலும் உறுதியான பாறை என்பதால், பல்லாயிரம் ஆண்டுகளாக அசையாமல் கிடக்கும் டார்ன்கள் உலகெங்கும் உள்ளன.

இரண்டாவது வகைதான் நம் கவலைக்கு உரியது. பனியாறு தான் சுமந்துவந்த கல், மணல், களிமண் எல்லாவற்றையும் தன் நுனியிலும் இரு பக்கங்களிலும் வரப்புப் போலக் குவித்து வைக்கிறது. இக்குவியலுக்கு மொரைன் என்று பெயர். பனியாறு உருகிப் பின்வாங்கும்போது, மொரைனுக்கும் பனியின் முகத்துக்கும் இடையில் பள்ளம் வெறுமையாகிறது. உருகுநீர் அதில் தேங்குகிறது. பனி பின்வாங்கப் பின்வாங்க ஏரி மேல்நோக்கி நீள்கிறது. நேபாளத்தில் எவரெஸ்ட் சிகரத்தின் தெற்கே உள்ள இம்ஜா ஏரி இதற்கு நல்ல சான்று. 1950-களில் அங்கே பனியாற்றின் மேல் சிதறிய சில குட்டைகளே இருந்தன. அவை ஒன்றோடொன்று சேர்ந்து இன்று பெரிய ஏரியாகிவிட்டன.

பனியாறே குறுக்கே வந்து நின்று, பக்கத்துப் பள்ளத்தாக்கின் நீரை மறித்து உண்டாக்கும் ஏரிகளும் உண்டு. இவற்றின் கரை பனிக்கட்டி என்பதால் அவை நிலைத்து நிற்பதில்லை.

நம் கண்மாய்க்கும் அந்த ஏரிக்கும் என்ன வேறுபாடு?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். அவர் கேட்ட பிறகே எனக்கே இந்தப் பொருள் முழுமையாக விளங்கியது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கண்மாயும் மொரைன் ஏரியும் அமைப்பில் ஒரே இனம். இரண்டிலும் சரிவான நிலத்தில் வரும் நீரை ஒரு மண்கரை தாழ்ந்த பக்கத்தில் மறித்து நிற்கிறது. ஆனால் கண்மாயில் மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. கரை என்பது களிமண் தேர்ந்து போட்டு, மிதித்து இறுக்கி, உட்புறம் அலைகல் பதித்துக் கட்டியது. தேவையான நீரைத் திறந்துவிட மடை இருக்கிறது. கண்மாய் பெருகினால் கரை மேல் ஏறாமல் உபரிநீர் வழிந்தோடக் கலுங்கு இருக்கிறது. கலுங்கில் மறுகால் பாய்ந்த நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. மதுரை நகருக்குள்ளேயே செல்லூர்க் கண்மாயின் உபரிநீர் பந்தல்குடிக் கால்வாய் வழியே வைகையில் சேர்வதை இன்றும் காணலாம். கலுங்கு என்பது கரையின் உயிர். எவ்வளவு மழை பெய்தாலும் நீர்மட்டம் இந்த அளவுக்கு மேல் போகக் கூடாது என்று கட்டியவர்கள் வைத்த எல்லைக்கோடு அது.

மொரைன் ஏரிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. கரையை யாரும் தேர்ந்து கட்டவில்லை. வீடு அளவுள்ள பாறையும் கோலமாவு போன்ற நுண்துகளும் சலிக்கப்படாமல் ஒன்றாகக் கலந்து கிடக்கும் குவியல்தான் கரை. மடை இல்லை. நீர் வழியும் வாய் சிலவற்றுக்கு இயற்கையாக அமைந்திருக்கும். சிலவற்றுக்கு அதுவும் இருக்காது, கரையின் அடியில் கசிந்தே நீர் வெளியேறும். இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பல மொரைன்களின் உள்ளே பழைய பனிக்கட்டி புதைந்திருக்கிறது. வெப்பம் கூடி அது உருகும்போது, வெளியே எந்த மாற்றமும் தெரியாமல் கரை உள்ளுக்குள் குழிந்துபோகிறது.

கரைக் கசிவைப் பற்றி நான் சிறுவயதில் கற்ற பாடம் இங்கே அப்படியே பொருந்தும். ஐப்பசி அடைமழையில் எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்து நின்ற ஓர் இரவில், என் தாத்தா அரிக்கேன் விளக்கோடு கரையின் வெளிப்புறச் சரிவில் இறங்கினார். நானும் பின்னால் போனேன். ஓரிடத்தில் நண்டு வளையிலிருந்து நீர் வந்துகொண்டிருந்தது. அவர் அதை உள்ளங்கையில் ஏந்தி விளக்கின் முன் பிடித்துப் பார்த்தார். தெளிவாக இருந்தது. இன்னும் பத்தடி தள்ளி வேறொரு கசிவு. அதையும் அதேபோல ஏந்தினார். கையில் செம்மண் குழம்பு நின்றது. உடனே ஊருக்குள் ஆள் அனுப்பினார். வைக்கோலும் மண் மூட்டைகளும் வந்தன. தெளிந்த கசிவு நீரை மட்டும் கொண்டுவருகிறது, கலங்கிய கசிவு கரையையே கொண்டுவருகிறது என்று பிறகு சொன்னார். பொறியாளர்கள் இன்று மொரைன்களின் வெளிப்புறத்தில் ஊற்றுகளைத் தேடி, அவற்றில் மண் கலந்து வருகிறதா என்று பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

2013-இல் கேதாரநாத்தில் நடந்தது என்ன?

கேதாரநாத் கோயில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரத்தில், மந்தாகினி ஆற்றின் தலைப்பகுதியில் இருக்கிறது. வைகையில் ஏடு விட்ட திருஞானசம்பந்தரும், சுந்தரரும் பாடிய திருக்கேதாரம் இதுவே என்பதால் நம் பக்கத்துச் சைவர்களுக்கு அது தொலைவான ஊராகத் தோன்றுவதில்லை. கோயிலுக்கு மேலே சோராபாரி என்னும் பனியாறு உண்டு. அதன் பக்கவாட்டு மொரைனை ஒட்டிய பள்ளத்தில் சோராபாரி ஏரி இருந்தது. காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி 1948-இல் அங்கே கரைக்கப்பட்டதால் காந்தி சரோவர் என்றும் அதை அழைத்தார்கள்.

2013 ஜூன் நடுவில் பருவமழை வழக்கத்துக்கு முன்பே அங்கே வந்துவிட்டது. சோராபாரிக்கு அருகே இருந்த வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 325 மில்லிமீட்டர் மழை பதிவானது. மதுரையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே 850 மில்லிமீட்டர் அளவில்தான் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் பெய்த பனி சரிவுகளில் இன்னும் மிச்சமிருந்தது. மழை அதன்மேல் விழுந்து அதையும் உருக்கியது. ஜூன் 16 மாலை ஓடைகள் பெருகி, மண்ணும் கல்லும் கலந்த முதல் வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. மறுநாள் 17-ஆம் தேதி காலை, ஏழு மணிக்குச் சற்று முன்பாக, சோராபாரி ஏரியின் மொரைன் கரை உடைந்தது. ஏரி முழுவதும் ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் காலியாகிவிட்டது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

அந்த ஏரிக்கு நீர் வழியும் வாய் கிடையாது. சாதாரண நாட்களில் மொரைனின் அடியிலுள்ள இடுக்குகள் வழியாக நீர் கசிந்து வெளியேறிவந்தது. மழையும் உருகுநீரும் சேர்ந்து கசிவைவிட வேகமாக வந்தபோது, மட்டம் ஏறுவதைத் தடுக்க அங்கே கலுங்கு இல்லை, கரைதான் வழிவிட்டது.

அவ்வெள்ளத்தில் வந்த பெரிய பாறை ஒன்று கோயிலின் பின்புறம் நின்றுவிட, நீர் இரண்டாகப் பிரிந்து இருபுறமும் சென்றது. பீமசிலை என்று இன்று வணங்கப்படுவது அந்தப் பாறைதான். கோயில் தப்பியது, சுற்றியிருந்த ஊர் தப்பவில்லை. உத்தராகண்ட் முழுவதிலும் அந்த நாட்களில் பல்லாயிரம் பேர் மாண்டனர். எல்லா மரணங்களுக்கும் ஏரி உடைந்ததே காரணம் என்று சொல்வது சரியன்று. நிலச்சரிவுகளும், பிற ஆறுகளின் வெள்ளமும், ஆற்றின் வழியிலேயே கட்டப்பட்டிருந்த விடுதிகளும் அதில் பங்கு கொண்டவை.

இவ்வளவு அழிவு செய்த ஏரி மிகப் பெரியதாக இருந்திருக்குமே?

இல்லை. கேட்பவர்கள் நம்பத் தயங்கும் விடை இது. சோராபாரி ஏரியின் நீளம் ஏறத்தாழ 400 மீட்டர், அகலம் 200 மீட்டர், ஆழம் 15 முதல் 20 மீட்டர் என்று கணிக்கப்பட்டது. திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய நம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஏறத்தாழ ஆயிரம் அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்டது. பரப்பில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. தெப்பத்தன்று மேற்குப் படித்துறையில் நின்று மைய மண்டபத்தைத் தாண்டி எதிர்க்கரையைப் பார்த்திருப்பீர்கள். அந்த அளவு பரப்பில், தெப்பக்குளத்தைவிடப் பல மடங்கு ஆழமாக நின்ற நீர், சில நிமிடங்களில் செங்குத்தான பள்ளத்தாக்கில் இறங்கியது. வழியில் தளர்ந்து கிடந்த கல்லையும் மண்ணையும் வாரிக்கொண்டு வந்ததால், ஊரை அடைந்தபோது அது நீராக மட்டும் இல்லை.

ஆகவே எந்த ஏரியானாலும் பரப்பைக் கேட்பதற்கு முன் கரையைக் கேளுங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்லிவருகிறேன். கரை பாறையா, மொரைனா? உள்ளே பனிக்கட்டி உண்டா? வழியும் வாய் உண்டா? ஏரிக்கு மேலே தொங்கும் பனியோ தளர்ந்த சரிவோ உண்டா? இந்த நான்குக்கும் விடை தெரியாமல் பரப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஏரியின் ஆபத்தைச் சொல்ல முடியாது.

2023-இல் சிக்கிமில் உடைந்ததும் இதே வகைதானா?

கரை அதே வகை, காரணம் வேறு. தெற்கு லோனாக் ஏரி வடக்கு சிக்கிமில் 5,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1970-களில் மிகச் சிறியதாக இருந்த அந்த ஏரி, மேலேயுள்ள பனியாறு பின்வாங்கியதால் 2023-க்குள் ஏறத்தாழ 1.6 சதுர கிலோமீட்டருக்கு விரிந்துவிட்டது. 2023 அக்டோபர் 3-ஆம் தேதி இரவு, ஏரியின் பக்கத்திலிருந்த உறைமண் சரிவு ஒன்று பெயர்ந்து அப்படியே நீருக்குள் விழுந்தது. எழுந்த அலை ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்துக்கு மறுகோடிக் கரையில் மோதி, மொரைனைத் தாண்டிப் பாய்ந்து, அதை அறுத்துக்கொண்டே போனது. நிறைந்த கிணற்றில் பெரிய கல் விழுந்தால் தளும்பும் நீர் கைப்பிடிச் சுவருக்கு மேல் ஏறுவது போன்ற நிகழ்ச்சிதான்.

வெளியேறிய நீர் 5 கோடி கன மீட்டர் என்று கணித்திருக்கிறார்கள். நம் கணக்கில் சொன்னால் 1,760 மில்லியன் கன அடிக்கு மேல். வைகை அணை 71 அடிக்கு நிறைந்து நிற்கும்போது உள்ள கொள்ளளவில் கால் பங்கைவிடச் சற்று அதிகம். அத்தனையும் ஒரே இரவில் தீஸ்தா ஆற்றில் இறங்கியது. சுங்தாங்கில் 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்காகக் கட்டப்பட்டிருந்த அணை அடித்துச் செல்லப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எழுபதுக்கும் மேற்பட்டோர் காணாமல் போயினர். அவ்வேரி ஆபத்தானது என்பது முன்பே அறியப்பட்டிருந்ததும், 2016-இல் குழாய்கள் பதித்து நீரை இறைத்துவிடும் முயற்சி நடந்திருந்ததும் இந்தச் செய்தியை இன்னும் கனமாக்குகின்றன. வந்து சேரும் நீருக்கு முன் அந்தக் குழாய்களால் வெளியேறியது மிகச் சொற்பம்.

2021-இல் உத்தராகண்டின் சமோலியில் ஏற்பட்டதும் ஏரி உடைப்புதானே?

இல்லை. முதல் நாள் செய்திகளில் அப்படி வந்தது, பலர் மனத்தில் அதுவே தங்கிவிட்டது. 2021 பிப்ரவரி 7-ஆம் தேதி, ரோண்டி சிகரத்தின் சரிவிலிருந்து பாறையும் பனியும் சேர்ந்த பெருந்துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்து பள்ளத்தாக்கில் சிதறி உருகியதால் உண்டான வெள்ளம் அது.

அந்த ஏரிகளுக்கும் கலுங்கு வெட்ட முடியாதா?

முடியும், வெட்டியும் இருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு மனம் நிறைகிறது, ஏனென்றால் இது நம் முன்னோர் செய்த வேலையேதான், இடம் மட்டுமே வேறு.

நேபாளத்தின் ரோல்வாலிங் பள்ளத்தாக்கில் 4,580 மீட்டர் உயரத்திலுள்ள சோ ரோல்பா ஏரியில், மொரைனை அளந்து வெட்டி, கதவுகள் வைத்த வாய்க்கால் அமைத்து, 2000-ஆம் ஆண்டில் நீர்மட்டத்தை 3 மீட்டர் குறைத்தார்கள். முன்பு குறிப்பிட்ட இம்ஜா ஏரியில் 5,010 மீட்டர் உயரத்தில் நேபாள ராணுவத்தினர் உழைத்து, 2016-இல் 3.4 மீட்டர் குறைத்தார்கள். பூட்டானில் 1994 அக்டோபர் 7-ஆம் தேதி லுக்யே ஏரி உடைந்து, புனாகா வரை வெள்ளம் வந்து 21 பேர் மாண்டனர். அதன் அண்டையிலுள்ள தோர்தோர்மி ஏரியும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று 2009 முதல் 2012 வரை, பனியில்லாத சில மாதங்களில் மட்டும் வேலை செய்து, மட்டத்தை 5 மீட்டர் இறக்கினார்கள். பல நாள் நடந்தே போக வேண்டிய அந்த இடத்துக்குப் பெரிய எந்திரங்களைக் கொண்டுபோக வழியில்லை. நூற்றுக்கணக்கானோர் குளிர்ந்த நீரில் நின்று கையாலேயே கல்லைப் பெயர்த்து அகற்றினார்கள். குடிமராமத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு கண்மாய்க்குப் போன கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் காட்சி எளிதில் மனத்தில் வந்துவிடும்.

ஆனால் மொரைனில் வாய்க்கால் வெட்டுவது கண்மாயில் கலுங்கு கட்டுவதைவிட ஆபத்தானது. நீர் நிறைந்து நிற்கும்போதே கரையை வெட்ட வேண்டும். வெட்டும் வழியே அரிப்பு பிடித்துக்கொண்டால் எதைத் தடுக்க வந்தார்களோ அதையே உண்டாக்கியவர்கள் ஆவார்கள். மூன்று, நான்கு மீட்டர் குறைப்பதற்கே ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்வது இதனால்தான்.

முன்கூட்டியே எச்சரிக்கை தர வழி இல்லையா?

வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று அறிவிக்கும் முறை நமக்குப் பழக்கமானது. ஆற்றங்கரையில் இருப்பவருக்கு மணிக்கணக்கில் அவகாசம் கிடைக்கிறது. மலை ஏரியில் சரிவு விழுந்து அலை எழும்போது படிப்படியாக ஏறும் மட்டம் என்று எதுவும் இல்லை. ஏரியில் கருவியும், இறங்கும் வழியில் ஆற்று மட்டத்தை அளக்கும் கருவிகளும், ஊர்களில் சங்கொலியும் இணைந்திருந்தால் சில பத்து நிமிடங்கள் கிடைக்கும். மேட்டில் ஏறுவதற்கு அது போதும். தெற்கு லோனாக்கில் கண்காணிப்புக் கருவிகள் வைக்கும் வேலை 2023 செப்டம்பரில் தொடங்கியிருந்தது. அது முழுமையான எச்சரிக்கை அமைப்பாவதற்குள் அக்டோபர் வந்துவிட்டது.

இமயமலையில் இத்தகைய ஏரிகள் பெருகி வருகின்றனவா?

ஆம். இந்திய நதிகளின் இமயமலை நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் 2016–17-இல் காணப்பட்ட, 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,431 ஏரிகளில், 676 ஏரிகள் 1984-க்குப் பிறகு குறிப்பிடத்தக்க அளவு விரிந்திருப்பதாக இஸ்ரோ 2024-இல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தெரிவித்தது. அவற்றில் 601 ஏரிகள் இரு மடங்குக்கும் மேல் பெருகியவை. விரிந்தவற்றுள் 130 இந்திய எல்லைக்குள் உள்ளன: சிந்துப் படுகையில் 65, கங்கைப் படுகையில் 7, பிரம்மபுத்திராப் படுகையில் 58.

இந்தக் கணக்கு பயனுள்ளது, ஆனால் அதன் எல்லையையும் கவனிக்க வேண்டும். 2013-இல் உடைந்த சோராபாரி ஏரி 10 ஹெக்டேருக்கும் குறைவானது. பெரிய ஏரிகளின் பட்டியலில் அத்தகைய ஏரிக்கு இடமே கிடைக்காது.

மானசரோவர் பனியாற்று ஏரியா?

பெரும்பாலும் அல்ல. பனியாற்று ஓடைகள் அதற்கு நீர் தருகின்றன; ஆனால் அது கிடக்கும் பள்ளம் நிலத்தட்டுகளின் அசைவால் உண்டானது. ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில், 410 சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்தது. அதற்கு இயற்கையே ஒரு கலுங்கு வைத்திருக்கிறது என்பது நம்மவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி: நீர் மிகும்போது கங்கா சூ என்னும் கால் வழியே மேற்கே உள்ள ராட்சசத்தாலில் போய்ச் சேரும்.

ரூப்குண்ட் ஏரியில் எலும்புகள் கிடப்பது உண்மையா?

உண்மை. உத்தராகண்டில் ஐயாயிரம் மீட்டர் உயரத்திலுள்ள சிறிய டார்ன் அது. ஆண்டின் பெரும்பகுதி உறைந்திருக்கும். உருகும் சில வாரங்களில் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் கரையிலும் நீருக்கடியிலும் தெரியும். 1942-இல் வனத்துறை அலுவலர் ஒருவர் கண்டு சொன்ன பிறகு வெளியுலகுக்குத் தெரியவந்தது. அனைவரும் ஒரே நாளில் ஆலங்கட்டி மழையில் இறந்த யாத்திரிகர்கள் என்பது நெடுநாள் நம்பப்பட்ட விளக்கம். 2019-இல் வெளிவந்த மரபணு ஆய்வு அதை மாற்றிவிட்டது. ஆராயப்பட்ட 38 பேரில் 23 பேர் தெற்காசிய வழியினர். அவர்கள் ஏறத்தாழ கி.பி. 800-ஐ ஒட்டி, அதுவும் ஒரே நிகழ்ச்சியில் அல்லாமல், இறந்தவர்கள். 14 பேர் கிழக்கு மத்திய தரைக்கடல் பகுதியினரின் மரபு கொண்டவர்கள். அவர்கள் இறந்தது கி.பி. 1800-ஐ ஒட்டி. ஒருவர் தென்கிழக்கு ஆசிய மரபினர். குளிர் அழுகலைத் தடுத்ததால்தான் இந்தச் சான்றுகள் மிஞ்சின.

அந்த ஏரிகள் ஏன் பச்சை கலந்த நீலமாக இருக்கின்றன?

பனியாறு பாறையை அரைக்கும்போது திருகையில் விழும் மாவைப் போன்ற நுண்துகள் உண்டாகிறது. அதைப் பாறைமாவு என்கிறார்கள். ஏரியில் அது எளிதில் அடியில் படியாமல் மிதந்துகொண்டே இருக்கும். சூரிய ஒளியின் நீலப் பச்சைப் பகுதியைச் சிதறடித்து அந்த நிறத்தைத் தரும். குளிர்காலத்தில் ஏரி உறைந்து அசைவற்றிருக்கும்போது மிக நுண்ணிய துகளும் மெல்லக் கீழே இறங்கும். கோடையில் பருமனான துகள், குளிர்காலத்தில் நுண்துகள் என ஆண்டுக்கு ஓர் இணை அடுக்கு படிகிறது. கண்மாய் வற்றியதும் வண்டல் அள்ளும்போது குழியின் பக்கவாட்டில் வரி வரியாகத் தெரியுமே, அதைப் போன்றது. ஆனால் மிக ஒழுங்கானது. ஸ்வீடன் நாட்டுப் புவியியலாளர் ஜெரார்டு டி கீர் இந்த அடுக்குகளை மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல எண்ணி, பனி பின்வாங்கிய காலத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்.

யானைமலை வழவழப்பாக இருக்கிறதே, அதைப் பனியாறு தேய்த்ததா?

மாணவர்கள் மிக விரும்பிக் கேட்கும் கேள்வி இது. இல்லை என்பதே விடை. யானைமலையும் திருப்பரங்குன்றமும் நிலத்தின் ஆழத்தில் உருவான பாறைகள். மேலிருந்த சுமை காலப்போக்கில் அரித்துப் போனபின், பாறை தளர்ந்து, வெங்காயத் தோல்போலத் தகடு தகடாக உரிந்து, உருண்ட முதுகைப் பெற்றது. பனியாறு தேய்த்த பாறையில் அது நகர்ந்த திசையிலேயே இணைகோடுகளாகக் கீறல்கள் இருக்கும். நம் குன்றுகளில் அவை இல்லை. குன்றுகளின் மேலுள்ள சுனைகளும் மழைநீரால் ஆனவையே, டார்ன்கள் அல்ல.

கடைசிப் பனி யுகம் உச்சத்தில் இருந்த 20,000 ஆண்டுகளுக்கு முன்பும் மதுரையில் பனி மூடவில்லை. அப்போது கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்து, ராமேசுவரத்துக்கும் இலங்கைக்கும் இடையே தரையாக இருந்தது. இன்னும் பழமைக்குப் போனால், ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தென்துருவத்தை நெருங்கிய கோண்டுவானா நிலத்தின் பகுதியாக இருந்தபோது பெரும்பனி மூடியிருந்தது. ஒடிசாவின் தால்ச்சேரில் கிடைக்கும் கற்குவியல் படிவு பனியாற்றால் ஆனது என்று 1856-லேயே கண்டறிந்தார்கள்.

என் மகள் டொரண்டோவில் இருக்கிறாள். அங்குள்ள ஏரியும் பனியாற்று ஏரியா?

ஆம், பிறப்பால். ஒன்டாரியோ உள்ளிட்ட பேரேரிகளின் பள்ளங்களைக் கண்டப் பனிப்படலமே ஆழப்படுத்தியது. ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன், கிழக்கே நீர் வெளியேறும் வழியைப் பனி அடைத்திருந்ததால், இன்றைய ஒன்டாரியோவைவிட 30 மீட்டர் உயரமாக இரோக்வாய் என்னும் ஏரி அங்கே நின்றது. அதன் பழைய கரை டொரண்டோ நகருக்குள்ளேயே ஒரு மேடாக ஓடுகிறது. டேவன்போர்ட் சாலை அம்மேட்டின் அடியைப் பின்பற்றிச் செல்கிறது. தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோவின் ஏரிக்கரைச் செங்குத்து மேடுகளும் பனிக்காலப் படிவுகளே. மகளிடம் போகும்போது கட்டாயம் பார்த்து வாருங்கள்.

யாத்திரையின்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஜூலை, ஆகஸ்டு மாதங்களைத் தவிர்ப்பது நல்லது; மே மாதமோ செப்டம்பர் நடுப்பகுதிக்குப் பிறகோ செல்லலாம். ஆற்றை ஒட்டிய தாழ்ந்த விடுதியில் தங்காமல் மேட்டில் தங்குங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஆற்றின் நீர் திடீரென்று குறைந்தால் மகிழ வேண்டாம். மேலே எங்கோ அடைபட்டிருக்கிறது என்று பொருள். நீர் சட்டெனக் கலங்கினாலோ, கற்கள் உருளும் ஓசை தொடர்ந்து கேட்டாலோ, பையை விட்டுவிட்டுப் பக்கச் சரிவில் ஏறுங்கள். பாதை வழியே கீழ்நோக்கி ஓடினால் வெள்ளம் பின்னாலேயே வரும்.

சோராபாரி ஏரியை இன்று பார்க்க முடியுமா?

பழைய ஏரி இல்லை. கோயிலிலிருந்து நடந்து ஏறினால் அது இருந்த பள்ளமும், மொரைனில் நீர் அறுத்த பெரிய வாயும் தெரியும். உடைப்பின் இரு பக்கச் சுவர்களையும் நின்று பாருங்கள். கரை எதனால் ஆனது என்பது அங்கே வெட்டி வைத்ததுபோல் திறந்து கிடக்கிறது. மேலே ஆளுயரப் பாறை, அதனடியில் சாம்பல் நிறப் பொடி, அதற்குள் முஷ்டியளவு கற்கள், எந்த ஒழுங்கும் இல்லாமல். வைகை மணலில் கிடக்கும் கூழாங்கல் எல்லாப் பக்கமும் உருண்டிருக்கும். அங்கே நான் எடுத்துப் பார்த்த கல்லுக்கு முனைகள் கூர்மையாகவே இருந்தன. ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்து, அதில் நகத்தால் கீறியதுபோல் நான்கைந்து கோடுகள் ஓடின. விரலால் தடவியபோது பாறைமாவு ஒட்டிக்கொண்டு, இறங்கி வந்து மந்தாகினியில் கை கழுவும்வரை போகவில்லை.